குழந்தை எங்கே உறங்க வேண்டும்?

பிறந்து இரண்டு மாதமே ஆன குழந்தை ஒன்று உறங்குகிறது. அதன் அருகே அதன் தாய் படுத்திருக்கிறாள். நம் வீடுகளில் இது யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத காட்சி. பகலில் தூளி, இரவில் தாயின் பக்கம் என்று வளர்ந்தவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர். இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

ஆனால் இங்கிலாந்து, அமெரிக்கா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் இதே காட்சியை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக வாதாடி வருகிறார்கள். குழந்தையைப் பெற்றோரின் படுக்கையில் படுக்கவைக்கவே கூடாது, அது உயிருக்கு ஆபத்து என்கிறார்கள் ஒரு சாரார். தாயின் அருகே உறங்குவதற்கென்றே மனிதக் குழந்தையின் உடல் அமைந்திருக்கிறது, பிரித்து வைப்பதுதான் இயற்கைக்கு மாறானது என்கிறார்கள் மற்றொரு சாரார். இரு சாராரும் வாய்க்கு வந்ததைச் சொல்பவர்கள் அல்லர். இருவரிடமும் அளவுகள் இருக்கின்றன, புள்ளிவிவரங்கள் இருக்கின்றன. ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் எப்படிக் கிடைத்தன? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சனிக்கிழமை இரவுகள்

ஸ்காட்லாந்தில் டண்டீ என்றொரு நகரம் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் சணல் ஆலைகளுக்குப் பெயர்போன ஊர். அங்கே காவல் துறையின் மருத்துவராக இருந்தவர் சார்லஸ் டெம்பிள்மேன். மூச்சுத் திணறி இறந்ததாகக் கருதப்பட்ட 258 குழந்தைகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி, 1892ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் அவர் கட்டுரை எழுதினார். தாயோ தந்தையோ உறக்கத்தில் குழந்தையின் மேல் புரண்டு படுத்துவிட்டார்கள் என்பதுதான் அக்காலத்தில் எல்லாரும் சொன்ன காரணம்.

டெம்பிள்மேன் ஒரு நல்ல காரியம் செய்தார். இறப்புகளைக் கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்தார். மரணம் எல்லா நாள்களிலும் ஒரே சீராக நிகழவில்லை. சனிக்கிழமை இரவிலும், அதையடுத்த ஞாயிறு விடியற்காலையிலும் மிகுதியாக நிகழ்ந்தது. சனிக்கிழமை, ஆலைத் தொழிலாளருக்குக் கூலி கையில் இருக்கும் நாள், குடிக்கும் நாள். கவனக்குறைவு, நெரிசலான ஒற்றை அறைக் குடித்தனம் ஆகியவற்றோடு மதுவையும் அவர் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தார்.

அந்த 258 குழந்தைகளும் உண்மையில் மூச்சுத் திணறித்தான் இறந்தனவா என்பது வேறு விஷயம். அவற்றுள் சில, பிற்காலத்தில் வேறு பெயர் பெற்ற மரணமாக இருந்திருக்கக்கூடும். எனினும் சனிக்கிழமை இரவுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் மீண்டும் அங்கே வர வேண்டியிருக்கும்.

தொட்டிலில் மரணம்

இருபதாம் நூற்றாண்டில் மேல்நாடுகளில் வசதி பெருகியது. குழந்தைக்குத் தனித் தொட்டில் வந்தது. பிறகு தனி அறையே வந்தது. புட்டிப்பால் பரவியது. புரண்டு படுக்க அருகில் ஆளே இல்லை. ஆனாலும் குழந்தைகள் இறந்தன! இரவில் நலமாகப் படுக்கவைத்த குழந்தை காலையில் உயிரற்றுக் கிடந்தது. பிணப் பரிசோதனை செய்தும் காரணம் புலப்படவில்லை. பொதுமக்கள் இதைத் 'தொட்டில் மரணம்' என்றார்கள். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூடிய மருத்துவர் மாநாடு இதற்குத் 'திடீர்ச் சிசு மரணம்' என்ற பொருள்படும் பெயரைச் சூட்டியது. பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

ஒரு துப்பு கிழக்கிலிருந்து கிடைத்தது. ஹாங்காங்கில் பணியாற்றிய டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர், அங்கே தொட்டில் மரணம் மிக அரிதாக இருப்பதைக் கவனித்து 1985ஆம் ஆண்டில் எழுதினார். இடநெருக்கடி மிகுந்த அந்த ஊரில் குழந்தைகள் தனியே உறங்குவது குறைவு. மேலும், சீனத் தாய்மார்கள் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். மேல்நாட்டிலோ அக்காலத்தில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கும்படி மருத்துவர்களே சொல்லி வந்தார்கள்.

குப்புறப் படுக்கைதான் பெரிய ஆபத்து என்பது பல நாடுகளில் நடந்த ஆய்வுகளால் உறுதியாயிற்று. 1991ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் நியூசிலாந்திலும், 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் 'மல்லாக்கப் படுக்கவையுங்கள்' என்ற பிரசாரம் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் இம்மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. மருந்து இல்லை, ஊசி இல்லை. குழந்தையைத் திருப்பிப் போட்டதால் பிழைத்த உயிர்கள் அவை! ஆனால் ஹாங்காங் தந்த துப்பில் மற்றொரு பாதி மீதமிருந்தது. தாயின் அருகாமைக்கு இதில் பங்கு உண்டா, இல்லையா?

இரவைப் பதிவு செய்தவர்கள்

ஜேம்ஸ் மெக்கென்னா என்ற அமெரிக்கர் மருத்துவர் அல்லர். அவர் மானிடவியல் அறிஞர். குரங்குகளின் தாய்-சேய் உறவை ஆராய்ந்தவர். குரங்குக் குட்டி தாயின் உடலை விட்டுப் பிரிவதில்லை. பிரித்தால் அதன் உடல் வெப்பமும் இதயத் துடிப்பும் தடுமாறும். அப்படியிருக்க, எல்லாப் பாலூட்டிகளிலும் முதிராத மூளையுடன் பிறக்கும் குழந்தைகளுள் ஒன்றான மனிதக் குழந்தையை மட்டும் தனி அறையில் விடச் சொல்வது ஏன் என்று அவர் கேட்டார். பிறக்கும்போது நம் மூளை வளர்ந்தவர் மூளையில் ஏறத்தாழ கால் பங்குதான் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மற்றொரு குறையையும் அவர் சுட்டிக்காட்டினார். 'சாதாரணக் குழந்தை இத்தனை மணி நேரம் விழிக்காமல் உறங்கும்' என்று பாடப்புத்தகங்களில் அளவுகள் இருந்தன. அந்த அளவுகள் எங்கிருந்து வந்தன? தனியே படுத்த, புட்டிப்பால் குடித்த குழந்தைகளை அளந்து எடுத்தவை. அளவுகோலே ஒருவகைக் குழந்தையிடமிருந்து வந்திருந்தால், மற்ற வகைக் குழந்தையெல்லாம் குறையுள்ளதாகத்தானே தெரியும்? ஆராய்ச்சியில் இறங்க விரும்பும் மாணவர்கள் இதை மறக்கக்கூடாது.

1990களில் மெக்கென்னாவும், சாரா மாஸ்கோ என்ற உறக்கவியல் நிபுணரும் கலிபோர்னியாவில் ஒரு சோதனை நடத்தினார்கள். தாய்ப்பால் ஊட்டும் தாய்மார்கள் 35 பேர், ஏறத்தாழ மூன்று மாதக் குழந்தைகளுடன் சோதனைச்சாலைக்கு வந்து மூன்று இரவுகள் தங்கினார்கள். முதல் இரவு இடம் பழகுவதற்கு. மற்ற இரு இரவுகளில் ஒன்றில் தாயும் சேயும் ஒரே படுக்கையில். இன்னொன்றில் தனித்தனி அறையில். தாய்க்கும் குழந்தைக்கும் தலையில் மின்முனைகள் ஒட்டப்பட்டன. மூளையின் மின்னலைகள், கண்ணசைவு, மூச்சு, இதயத் துடிப்பு எல்லாம் இரவு முழுவதும் பதிவாயின. இருட்டிலும் படம்பிடிக்கும் அகச்சிவப்புக் காமிரா மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

கிடைத்த முடிவுகள் சுவையானவை. அருகருகே உறங்கிய இரவில் குழந்தை ஆழ்ந்த உறக்கத்தில் கழித்த நேரம் குறைந்தது. இலேசான உறக்கம் கூடியது. சில விநாடிகளே நீடிக்கும் சிறுசிறு விழிப்புகள் மிகுந்தன. அதைவிட முக்கியமானது, அந்த விழிப்புகள் தாய்க்கும் சேய்க்கும் சேர்ந்தாற்போல் வந்தன. குழந்தை அசைந்தால் தாயின் மூளையலை மாறும்; தாய் அசைந்தால் குழந்தையின் மூச்சு மாறும். வழக்கமாகச் சேர்ந்து உறங்கும் குழந்தைகள், தனியே உறங்கும் குழந்தைகளைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு நேரம் இரவில் பால் குடித்தன. இத்தனைக்கும் தாய்மாரின் மொத்த உறக்க நேரம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

ஆழ்ந்த உறக்கம் குறைவது நல்லதா? வளர்ந்தவருக்கு நல்லதன்று. மூன்று மாதக் குழந்தைக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. உறக்கத்தில் மூச்சு தடைப்பட்டால் உடனே விழித்து, தலையைத் திருப்பி, ஓங்கி மூச்சிழுக்கும் திறன்தான் உயிர் காக்கும் திறன். திடீரென இறந்த குழந்தைகள் பலவற்றின் மூளைத்தண்டில், இந்த விழிப்பை ஆளும் பகுதியில் குறைபாடு இருப்பதை பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே அடிக்கடி இலேசாக விழிப்பது குழந்தைக்கு ஒரு காவலாக இருக்கலாம் என்பது மெக்கென்னாவின் கருத்து. 'இருக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 35 தாய்மாரை வைத்து உறக்கத்தை அளக்கலாம். பல்லாயிரத்தில் ஒன்றாக நிகழும் மரணத்தை அளக்க முடியாது.

பால் சொல்லும் செய்தி

இங்கே முயலைப் பற்றிச் சிறிது பேசலாம். முயல் தன் குட்டிகளை வளையில் விட்டுவிட்டு வெளியே போய்விடும். நாளுக்கு ஒருமுறை, சில நிமிடங்களே பால் கொடுக்கும். அதற்கேற்ப முயலின் பால் கொழுப்பும் புரதமும் நிறைந்து கெட்டியாக இருக்கும். மனிதப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ 4 சதவீதம், புரதம் ஒரு சதவீதம்தான். நீர்த்த பால், விரைவில் செரித்துவிடும், குழந்தைக்கு அடிக்கடி பசிக்கும். குட்டியைத் தன்னுடனேயே சுமந்து திரியும் குரங்குகளின் பாலும் இந்த வகைதான். தாயும் சேயும் அருகிலேயே இருக்கும் இனம் நம்முடையது என்பதைப் பாலின் இரசாயனமே காட்டிக்கொடுக்கிறது.

இங்கிலாந்தில் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலன் பால் இதைச் சோதனையால் பார்த்தார். நியூகாஸில் மருத்துவமனை ஒன்றில், அப்போதுதான் பிள்ளை பெற்ற 64 தாய்மாரைச் சீட்டுப் போடுவதுபோல் மூன்று பிரிவாக்கினார். ஒரு பிரிவில் குழந்தை தாயின் கட்டிலிலேயே. இரண்டாவதில் கட்டிலோடு ஒட்டவைத்த, பக்கம் திறந்த தொட்டிலில். மூன்றாவதில் சற்றுத் தள்ளி நிற்கும் தனித் தொட்டிலில். 2006ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, முதல் இரண்டு பிரிவுகளிலும் குழந்தைகள் மூன்றாவதைவிட அடிக்கடி பால் குடித்தன. கை எட்டும் தூரம் என்பதுதான் முக்கியம் போலும். ஒரே மெத்தையாக இருக்க வேண்டுமென்பதில்லை.

ஹெலன் பால் குழுவினர் எடுத்த இரவுப் படங்களில் இன்னொன்றும் தெரிந்தது. தாய்ப்பால் ஊட்டும் தாய், யாரும் சொல்லித் தராமலே, ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களைக் குழந்தையின் பாதத்துக்குக் கீழே மடக்கி, ஒரு கையைக் குழந்தையின் தலைக்கு மேலே வளைத்துக்கொள்கிறாள். குழந்தை அவள் மார்புக்கு நேராக, தலையணைக்குக் கீழே, ஒரு சிறு கோட்டைக்குள் இருப்பதுபோல் கிடக்கிறது. மேலே ஏறித் தலையணையில் முகம் புதைய முடியாது. கீழே நழுவிப் போர்வைக்குள் போக முடியாது. புட்டிப்பால் ஊட்டும் தாய்மார்களோ குழந்தையைத் தங்கள் முகத்துக்கு நேராக, தலையணைகளுக்கு அருகே படுக்கவைக்கும் வழக்கம் மிகுதியாகக் காணப்பட்டது. ஆகவே 'ஒரே படுக்கை' என்பது ஒரே பொருளைக் குறிக்கும் சொல் அன்று.

நியூசிலாந்தின் சாலி பாடக் வீடுகளிலேயே காமிரா வைத்தார். பெற்றோருடன் உறங்கும் 40 குழந்தைகளையும் தொட்டிலில் உறங்கும் 40 குழந்தைகளையும் ஒப்பிட்டார். பெற்றோர் படுக்கையில் இருந்தவற்றுள் 22 குழந்தைகளின் தலையைச் சற்று நேரமாவது போர்வை மூடியது. தொட்டிலில் ஒன்றே ஒன்று. இது கவலை தரும் செய்தி. ஆனால் அதே படங்களில், அருகில் படுத்த தாய்மார்கள் இரவில் நடுத்தரமாக 11 முறை குழந்தையைக் கவனித்ததும், தொட்டில் குழந்தைகளின் தாய்மார்கள் 4 முறை கவனித்ததும் தெரிந்தது. ஆபத்தும் காவலும் ஒரே படுக்கையில்!

எண்ணிப் பார்த்தவர்கள்

இனி மற்றொரு சாராரிடம் வருவோம். இவர்கள் உறக்கத்தைப் பார்ப்பவர்கள் அல்லர், மரணங்களை எண்ணுபவர்கள். ஒரு குழந்தை திடீரென இறந்தால், அதே வயதில் நலமாக இருக்கும் சில குழந்தைகளையும் தேர்ந்தெடுப்பார்கள். கடைசி உறக்கத்தில் எங்கே படுத்திருந்தது, எப்படிப் படுத்திருந்தது, வீட்டில் யாராவது புகைபிடிப்பார்களா என்று இரு தரப்பு வீடுகளிலும் கேட்பார்கள். இறந்த குழந்தைகளிடம் ஒரு நிலை மிகுதியாகக் காணப்பட்டால் அது சந்தேகத்துக்குரியது.

2013ஆம் ஆண்டில் ராபர்ட் கார்ப்பென்டர் குழுவினர் ஐந்து பெரிய ஆய்வுகளை ஒன்று சேர்த்தார்கள். இறந்த குழந்தைகள் 1,472. ஒப்பீட்டுக் குழந்தைகள் 4,679. புகை, மது எதுவும் இல்லாத வீட்டில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக்கூட, முதல் மூன்று மாதங்களில் ஒரே படுக்கையில் உறங்குவது ஆபத்தை ஐந்து மடங்காக்குகிறது என்றார்கள். பத்திரிகைகள் இந்த ஐந்து மடங்கைப் பெரிய எழுத்தில் போட்டன.

மடங்கைக் கேட்டால் உடனே 'எதனுடைய மடங்கு?' என்று கேட்க வேண்டும். அதே ஆய்வின் மதிப்பீட்டின்படி, ஆபத்துக் காரணம் எதுவும் இல்லாத குழந்தை பெற்றோரின் அறையில் தனித் தொட்டிலில் உறங்கினால் ஆயிரத்துக்கு 0.08 மரணம், பெற்றோர் படுக்கையில் உறங்கினால் 0.23. அதாவது, ஒரு லட்சம் குழந்தைகளில் 8க்குப் பதில் 23. இந்த வேறுபாடு சிறியது என்று தள்ளிவிடுவதா? அந்தப் பதினைந்து வீடுகளில் ஒன்று உங்கள் வீடாக இருந்தால் அது சிறியதன்று. அதே சமயம், இரவு முழுதும் பயந்து நடுங்க வேண்டிய அளவும் அன்று. இன்னொன்று: மது பற்றிய விவரம் சேர்க்கப்பட்ட ஆய்வுகள் எல்லாவற்றிலும் இல்லை. விடுபட்டவற்றைக் கணித முறையில் ஊகித்து நிரப்பினார்கள். கண்டனம் எழுந்தது அங்கேதான்.

அடுத்த ஆண்டே பிரிஸ்டல் நகரின் பீட்டர் பிளேர் குழுவினர் வேறொரு கணக்கைக் காட்டினார்கள். இவர்களிடம் மது பற்றிய விவரமும், குழந்தை கட்டிலில் இருந்ததா சோபாவில் இருந்ததா என்ற விவரமும் இருந்தன. இறந்த 400 குழந்தைகளில் 36 சதவீதமும், ஒப்பீட்டுக் குழந்தைகள் 1,386இல் 15 சதவீதமும் பெரியவருடன் சேர்ந்து உறங்கியவை. பார்த்தவுடன் கார்ப்பென்டர் சொன்னதுதான் சரி என்று தோன்றும். ஆனால் பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. சோபாவில் பெரியவருடன் உறங்கிய குழந்தைக்கு ஆபத்து ஏறத்தாழ 18 மடங்கு. மது அருந்திய பெற்றோருடன் உறங்கியதற்கும் அதே 18 மடங்கு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, புகைபிடிப்பவருடன் உறங்கினால் ஏறத்தாழ 9 மடங்கு. இவை எதுவும் இல்லாத படுக்கையில், குறிப்பிடத்தக்க ஆபத்து எதையும் அவர்களால் காண முடியவில்லை.

டண்டீ நகரின் சனிக்கிழமை இரவுகள் நினைவுக்கு வருகின்றனவா? டெம்பிள்மேன் கிழமையைப் பார்த்துச் சந்தேகித்ததை, 122 ஆண்டுகளுக்குப் பின் பிரிஸ்டல் குழுவினர் எண்ணாகக் காட்டினார்கள்.

இப்போது இரு சாராரின் முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாயும் சேயும் ஒருவரையொருவர் இலேசாக விழிக்கவைப்பதுதான் காவல் என்றது சோதனைச்சாலை. மது அருந்தியவருக்கு அந்த விழிப்பு வராது. தாய் கருவுற்றிருக்கும்போது புகைபிடித்தால் நிகோடின் குழந்தையின் மூளைத்தண்டைப் பாதித்து, குழந்தையின் விழிப்புத் திறனைக் குறைக்கிறது. சோபாவிலோ தாய்க்கு வளைந்து படுக்க இடமில்லை. குழந்தை மெத்தைகளின் இடுக்கில் அகப்பட்டுக்கொள்கிறது. எந்தெந்த நிலைகளில் மரணம் மிகுகிறதோ, அந்த நிலைகளிலெல்லாம் இந்தக் காவல் சங்கிலி எங்கேயோ அறுந்திருக்கிறது. இரு சாராரும் ஒரே யானையைத்தான் தடவினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனினும் வாதம் முடிந்துவிடவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022ஆம் ஆண்டு அறிக்கையிலும், குறைந்தது ஆறு மாதம் குழந்தை பெற்றோரின் அறையில், ஆனால் தனிப் படுக்கையில் உறங்கட்டும் என்றே கூறுகிறது. பெற்றோரின் அறையிலேயே குழந்தை உறங்குவது நல்லது என்பதிலும், மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும் என்பதிலும், குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் கூடுதல் கவனம் தேவை என்பதிலும் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கோரைக்கூடை போன்ற ஒன்று

நியூசிலாந்தின் பழங்குடி மக்கள் மாவோரிகள். தாயும் சேயும் சேர்ந்து உறங்குவது அவர்களின் நீண்டநாள் வழக்கம். 1991ஆம் ஆண்டுப் பிரசாரத்தால் நாடு முழுவதும் திடீர் மரணங்கள் குறைந்தபோதும், மாவோரிக் குடும்பங்களில் அந்த அளவுக்குக் குறையவில்லை. கருவுற்ற பெண்களிடையே புகைப்பழக்கம் அங்கே மிகுதி. சேர்ந்து உறங்குவதோடு புகையும் கூடினால் என்ன ஆகும் என்பதை மேலே கண்டோம். 'குழந்தையைப் பக்கத்தில் போடாதீர்கள்' என்று அதிகாரிகள் சொல்லிப் பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கத்தை ஒரு துண்டுப் பிரசுரம் மாற்றிவிடுமா?

டேவிட் டிப்பெனே-லீச் என்ற மாவோரி மருத்துவர் வேறு வழி தேடினார். நெசவுக் கலைஞர்களோடு சேர்ந்து, அந்நாட்டில் விளையும் நார்ச்செடியின் இலைகளால் பின்னிய தட்டையான ஒரு கூடையை அவர் உருவாக்கினார். வஹகுரா என்று பெயர். நம் ஊர்க் கோரைப் பின்னல் வேலையை ஒத்தது. கூடையைப் பெற்றோர் படுக்கையின் மேலேயே வைத்து, அதற்குள் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்கலாம். தாயின் கை எட்டும், மூச்சு கேட்கும், ஆனால் குழந்தைக்கென்று ஓர் எல்லை இருக்கும். 2011ஆம் ஆண்டில் கிறைஸ்ட்சர்ச் நகரைப் பூகம்பம் தாக்கியபோது, வீடிழந்து நெருக்கடியில் உறங்கிய குடும்பங்களுக்கு இதே நோக்கமுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் வழங்கப்பட்டன.

நல்ல எண்ணம் மட்டும் போதாதல்லவா? சாலி பாடக் குழுவினர் இதையும் சோதித்தார்கள். பெரும்பாலும் மாவோரிகளான 200 கர்ப்பிணிப் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வஹகுராவும் மறு பிரிவுக்குச் சாதாரணத் தொட்டிலும் கொடுத்தார்கள். பின்னர் வீடுகளில் இரவுப் படம் எடுத்தார்கள். 2017ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: தலை மூடப்படுவது முதலிய ஆபத்துகள் வஹகுராவில் கூடவில்லை. ஆறாவது மாதத்தில் முழுமையாகத் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் தொட்டில் பிரிவில் 10.7 சதவீதம், வஹகுரா பிரிவில் 22.5 சதவீதம்.

2009ஆம் ஆண்டிலிருந்து 2015ஆம் ஆண்டுக்குள் நியூசிலாந்தில், பிறந்து ஒரு வாரம் கடந்த சிசுக்களின் மரணம் 29 சதவீதம் குறைந்தது. மாவோரிக் குழந்தைகளிடம் இந்தக் குறைவு மிகுதியாகக் காணப்பட்டது. இதில் கூடையின் பங்கு எவ்வளவு, புகைக்கு எதிரான பிரசாரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

கூடை சிறியது. ஐந்தாறு மாதத்தில் குழந்தை வளர்ந்து கால் இடிக்கத் தொடங்கிவிடும். திடீர் மரணங்களில் பத்துக்கு ஒன்பது முதல் ஆறு மாதங்களுக்குள் நிகழ்பவை. கூடை போதாமல் போகும் வேளையில் அந்த மாதங்கள் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும்.